பனி பெய்யாததற்கு யாரிடம் பணம் கேட்பது?

போன வாரம் ஏரிக்கரையில் காலை நடை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது நண்பர் ஒருவர் மறுபடியும் காஷ்மீர்க் கதையை எடுத்தார். "ஏனுங் மாப்பிள்ளை, வெளிநாட்டுல எல்லாம் மெஷின் வெச்சே பனி கொட்டறாங்களாமே, நம்ம கவர்மெண்டு அத குல்மார்க்குல செஞ்சிருந்தா நம்ம காசு வீணாப் போயிருக்குமா?" என்றார். (எழுபத்து நான்கு வயதிலும் நான் இந்த ஊருக்கு மாப்பிள்ளைதான். பெண்ணெடுத்த ஊரில் குடியேறினால் அதுதான் கதி.) அங்கே நான் சண்டை போடவில்லை. டீ ஆறிப்போகும். வீட்டுக்கு வந்தும் மனம் ஆறாததால் இங்கே எழுதுகிறேன்.

2024 ஜனவரி மூன்றாம் வாரம் நாங்கள் பதினான்கு பேர் குல்மார்க் போனது உங்களில் பலருக்குத் தெரியும். ஏஜெண்ட் அடித்துக் கொடுத்த நோட்டீஸில் "பனிக்கு உத்தரவாதம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இதை எழுதியவருக்கு மேகம் என்ன சித்தப்பா மகனா என்று என் மனைவி அன்றைக்கே கேட்டாள். நான் கேட்கவில்லை. ஏனென்றால் எனக்கு ஆசை இருந்தது.

அந்த ஆசை பழையது. புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1968 பிப்ரவரியில் எங்கள் முசே ஒரு பத்திரிகைப் படத்தை வகுப்புக்குக் கொண்டுவந்தார். கிரெனோபிள் குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் மூன்று தங்கமும் வாங்கிய ழான் குளோத் கில்லியின் படம். மாசி வெயிலில் சட்டை முதுகோடு ஒட்ட, நாங்கள் அந்த வெள்ளை மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பனிக்கு அவர்களிடம் எத்தனை சொல் என்று அன்றுதான் தெரிந்தது. நமக்கு மார்கழிப் புல்லில் இருப்பதும் பனி, இமயத்தில் இருப்பதும் பனி. அவர்களுக்கு 'நேஜ்' வேறு, 'கிளாஸ்' வேறு, சாலையில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்து வண்டியைக் கவிழ்ப்பது வேறு. சறுக்குகிறவர்களோ இன்னும் நுணுக்கம்: புதிதாகப் பெய்த மாவு போன்றது 'புத்ரெஸ்', வெயிலில் நொசநொசத்துப் போனது 'சூப்', மேலே ஓடு கட்டி, கால் வைத்தால் உடைவது 'குரூத்'. நல்ல பனி என்றால் அவர்களுக்கு அந்த முதல் வகைதான். அதற்காகத்தான் இத்தனை ஓட்டமும்.

அந்த ஓட்டத்தை நான் நேரில் பார்த்தது 2012-ல். ஓய்வு பெற்ற மறுவருடம். என் அக்காள் வீட்டுக்காரர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பென்ஷன் வாங்கிக் கிரெனோபிளிலேயே தங்கிவிட்டவர். அவர் மகனுக்குச் சறுக்குவதுதான் உயிர். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் பனி அறிக்கையைப் பார்ப்பான், சனிக்கிழமை விடியும் முன் காரில் கிளம்பிவிடுவான். கில்லி ஜெயித்த அதே ஷாம்ரூஸில் அறுபது வயதில் என் காலிலும் அந்தப் பலகைகளை மாட்டிவிட்டான். இரண்டு முனைகளையும் உள்பக்கமாகச் சேர்த்து, குதிகாலை விரித்து, கலப்பை மாதிரி பனியைத் தள்ளிக்கொண்டே மெதுவாக இறங்க வேண்டும். பாதி நாள் விழுந்தேன். மீதி நாள் எழுந்தேன். ஒரே ஒரு முறை இருபது முப்பது கஜம் விழாமல் வந்தேன். காற்று காதில் பட்டது. அதை இன்றைக்கும் மறக்கவில்லை. அதனால் பனிச்சறுக்கு பணக்காரன் கொழுப்பு என்று இங்கே ஒரேயடியாகப் பேசுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் அந்த மருமகனின் ஓட்டம் வருடத்துக்கு வருடம் உயரே போய்க்கொண்டிருக்கிறது. முன்பு 1,650 மீட்டரில் இருக்கும் ஷாம்ரூஸ் போதும். இப்போது 2,300 மீட்டரில் இருக்கும் வால் தொரான்ஸ் போனால்தான் திருப்தி. கீழே உள்ள ஊர்களில் பனி தங்குவதில்லை. மெதாபியே என்ற ஜூரா மலை ஊர், சறுக்குத் தொழிலை நம்பி இனிக் காலம் தள்ள முடியாது, படிப்படியாக விட்டுவிடப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது. பிரெஞ்சு அரசாங்கம் 1960-களிலும் 70-களிலும் திட்டம் போட்டு, மலை உச்சிகளில் சறுக்கு நகரங்களைக் கட்டியது. அந்த நாட்டின் கதியே இன்றைக்கு இது. 2020 பிப்ரவரியில் பிரனே மலையில் லுஷோன் என்ற இடத்தில் மேலே இருந்த பனியைச் சுமார் 50 டன் ஹெலிகாப்டரில் அள்ளிவந்து கீழே குழந்தைகள் சறுக்கும் சரிவில் கொட்டினார்கள். நம் ஊரில் தேர்த் திருவிழாவுக்கு லாரித் தண்ணீர் வாங்கித் தெரு தெளிப்பதுபோல என்று நினைக்கலாம். லாரித் தண்ணீர் தெளித்தால் புழுதியாவது அடங்கும்.

சரி, மெஷின். நண்பர் சொன்ன மெஷின் ஒன்றும் மந்திரம் இல்லை. தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் சேர்த்துப் பூச்சிமருந்து அடிப்பதுபோல் தூற்றுகிறது. குளிர் சுழிக்குக் கீழே போயிருந்தால், காற்றும் காய்ந்திருந்தால், துளிகள் தரையைத் தொடுமுன் உறைகின்றன. ஒரு ஹெக்டேர் சரிவை, அதாவது நம் கணக்கில் இரண்டரை ஏக்கரை, சறுக்குகிற அளவுக்கு மூடப் பிரான்சில் சொல்கிற கணக்கு சுமார் 4,000 கன மீட்டர் தண்ணீர். 40 லட்சம் லிட்டர். கோடையில் நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கணக்குப் பாருங்கள்: முந்நூறு லோடுக்கு மேல். ஒரு சரிவு இரண்டரை ஏக்கரோடு நிற்பதும் இல்லை. இந்தத் தண்ணீருக்காக மலைமேலேயே குளம் வெட்டப் பார்த்தார்கள் என்றுதான் 2022-ல் லா குளுசாவில் ஆட்கள் காட்டுக்குள் கூடாரம் அடித்து உட்கார்ந்துவிட்டார்கள். வழக்கும் நடந்தது.

ஆயிரம் அடி துளைத்தாலும் புகை மட்டும் வருகிற பூமியில் இருந்துகொண்டு நாம் இதைக் கேட்கலாமா? காஷ்மீரத்தானுக்கு மலைமேல் இருக்கும் பனிதான் ஏரி. சில்லை கலான் என்று டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாள் கடுங்குளிரை அவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த நாற்பது நாளில் பெய்கிற பனிதான் இறுகித் தங்கும். பங்குனி, சித்திரையில் மெதுவாகக் கரைந்து நெல்லுக்கும் ஆப்பிளுக்கும் வரும். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வருகிற மேற்குக் காற்றுதான் அதைக் கொண்டுவர வேண்டும். அந்த வருடம் அது வரவில்லை. ஸ்ரீநகரில் ஜீலம் நதி வற்றி, படித்துறையின் அடிப்படிகள் வெளியே தெரிந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பார்த்துவிட்டு, அந்த ஆற்றுக்குப் போகிற தண்ணீரை எடுத்து எங்கள் போட்டோவுக்குப் பனியாகத் தெளித்திருக்க வேண்டும் என்கிறோம்.

மெஷின் வைத்தால் தீர்ந்துவிடும் என்பதும் பொய். உத்தராகண்டில் ஔலிக்கு 2011 தெற்காசிய விளையாட்டுக்காகவே மெஷின்கள் வந்தன. 2023 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த சர்வதேசப் பந்தயம் பனி இல்லை என்று ரத்தாயிற்று. அடிவாரத்து ஜோஷிமட் ஊரே அந்த ஜனவரியில் வெடித்துப் புதைந்துகொண்டிருந்தது. ரோப் காரை நிறுத்திவிட்டார்கள். மெஷின் முழுதாக ஜெயித்த இடம் வேண்டுமானால் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக். கிட்டத்தட்ட அத்தனையும் செய்பனி. இந்தியாவிலிருந்து போனவர் ஒரே ஒருவர், ஆரிஃப் கான், குல்மார்க் பையன். அப்பாவின் சறுக்குச் சாமான் கடையில் வளர்ந்தவர். ஜயன்ட் ஸ்லாலம் பந்தயத்தில் 45-வதாக வந்தார். அவர் பெயர் எங்கள் பதினான்கு பேரில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே அங்கே போய்த்தான் தெரிந்தது.

சொன்னவன் எங்களுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுக்க ஏற்பாடாகியிருந்த பையன். நான் எழுத வந்தது அவனைப் பற்றித்தான், மெஷினைப் பற்றி அல்ல.

எங்களில் ஆறு பேர் இரண்டு நாள் பயிற்சிக்கு ஆளுக்கு ஆயிரம் ரூபாய் அச்சாரம் கொடுத்திருந்தோம். போய் இறங்கினால் குல்மார்க் முழுக்கப் பழுப்புப் புல். 2,650 மீட்டர் உயரத்தில் நம் தரிசுக்காடு மாதிரி. சறுக்குவண்டி இழுக்கிறவர்கள் வண்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். பிரானுக்குள் காங்கிரிச் சட்டி மட்டும் புகைந்துகொண்டிருந்தது. அந்தப் பையன் ஓடி ஒளியவில்லை. காலையிலேயே வந்து, எங்களை கோண்டோலாவில் ஏற்றி (அதைக் கட்டியதில் பிரெஞ்சுக் கம்பெனி ஒன்று உண்டு, போமகால்ஸ்கி, எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்) மேலே அஃபர்வாட் வரை கூட்டிப் போனான். பாறை இடுக்குகளில் வேட்டி காயப்போட்டதுபோல் துண்டு துண்டாகக் கொஞ்சம் பனி. மறுநாளும் வந்தான். இன்னொரு பக்கம் காட்டினான். "சார், இதில் பலகை போட்டால் உங்கள் முழங்கால் போய்விடும், நான் விடமாட்டேன்" என்றான்.

இந்த இடத்தை எங்கள் ஆட்கள் யாரும் மறுக்க முடியாது. பனி இருந்த கொஞ்ச இடத்தில் எங்களை ஏற்றிவிட்டுக் கூலியைக் கணக்குத் தீர்த்திருக்கலாம் அவன். செய்யவில்லை. அன்று மாலை ஹோட்டல் வாசலில் நம்மவர்கள் அவனை நிறுத்தி, சறுக்கவில்லை, அச்சாரத்தைத் திருப்பிக் கொடு என்றார்கள். ஹிந்தி தெரிந்தவர் ஒருவரே ஆறு பேருக்கும் பேசினார். பையன் ஒரு நிமிடம் பேசாமல் நின்றான். பிறகு போய் யாரிடமோ வாங்கிவந்து 6,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தான். அதில் ஆயிரத்தை நானும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"உத்தரவாதம்" என்று அச்சடித்துக் கொடுத்த ஏஜெண்டிடம் ஊர் திரும்பியபின் யாராவது ஒரு ரூபாய் கேட்டோமா? இல்லை. அவர் சொந்தக்காரர், நாளைக்குக் கல்யாணம் காட்சியில் பார்க்க வேண்டும். பொய் சொன்னவருக்கு முழுப்பணம்; உண்மை சொன்னவனிடம் வசூல். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று இரண்டு வருடமாகப் பேசுகிறவர்கள் யார்மேல் போவார்கள் என்று மட்டும் சொல்வதில்லை.

வேலை நடக்கவில்லையே, எப்படிக் கூலி என்று கேட்கிறீர்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கூப்பிட்டுப் போர் போடுகிறோம். தண்ணீர் வராவிட்டால் அடிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்துவிட்டுத்தானே துண்டை உதறித் தோளில் போடுகிறோம்? ரிக் வண்டிக்காரன் எண்ணெய் செலவழித்தான் என்பீர்கள். இவன் இரண்டு நாளைச் செலவழித்தான். கல்யாணம் நின்றுபோனால் நாதஸ்வரக்காரரிடம் அச்சாரத்தைத் திருப்பிக் கேட்டவர் யாரையாவது இந்த ஊரில் காட்டுங்கள். பருத்தி ஏலத்தில் விலை விழுந்தால் அன்றைக்கு மூட்டை சுமந்தவருக்குக் கூலியில்லை என்போமா? வானத்தைப் பார்த்தே பிழைத்த குடும்பங்கள் நம் குடும்பங்கள். வானம் பொய்த்தால் இன்னொரு வானம் பார்த்த பிழைப்புக்காரனின் மடியில் கைவைக்க நமக்கு எப்படி மனம் வந்தது?

நாங்கள் ஊர் திரும்பிய பிறகு, ஜனவரி கடைசியில் பெய்ய ஆரம்பித்தது. பிப்ரவரியில் குல்மார்க் வெள்ளையாகிவிட்டது. தள்ளிவைத்த கேலோ இந்தியா விளையாட்டுகள்கூட அந்த மாதக் கடைசியில் நடந்தன. அதே வாரத்தில் பனிச்சரிவில் ரஷ்யர் ஒருவர் இறந்தார். முந்தின வருடம் பிப்ரவரியில் போலந்துக்காரர் இருவர். நீண்ட வறட்சியில் அடியில் இருக்கும் கொஞ்சப் பனி, சீனிபோல் ஒட்டாத மணிகளாகிவிடுமாம். அதன்மேல் ஒரேயடியாகக் கனத்த புதுப் பனி விழுந்தால் மொத்தமாக வழுக்கிக்கொண்டு வரும். பஞ்சு போன்ற 'புத்ரெஸ்' தேடி முதல் தடம் போட ஓடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது அதில்தான். என் அக்காள் மகன் இதை போனில் சொன்னான். சொல்லிவிட்டு, அந்தச் சனிக்கிழமையும் போயிருக்கிறான்.

அந்தப் பையன் எழுதிக் கொடுத்த அச்சார ரசீதில் அவன் போன் நம்பர் இருந்தது. பிப்ரவரியில் கூப்பிட்டேன். முதலில் என்னை நினைவில்லை, ஆயிரம் பேர் வருகிற இடம். மதராஸி, முழங்கால் என்றதும் சிரித்தான். பனி நன்றாக இருக்கிறது, வாருங்கள் சார் என்றான். ஆயிரத்தை அனுப்புகிறேன் என்றேன், வேண்டாம் என்றான். அனுப்பிவிட்டேன், பேரன்தான் போனில் அழுத்திக் கொடுத்தான்.

மற்ற ஐந்து பேரும் இதைப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ரசீது என் மேஜை டிராயரில் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு ஏரிக்கரைக்கு எடுத்து வருகிறேன், நம்பரைக் குறித்துக்கொள்ளலாம்.