சங்கத்தின் பெயர் சங்கத்திடமே இருக்கட்டும்

நெசவாளரும் உழவரும் கூட்டுறவுச் சங்கங்களை நிறுவியதன் காரணம் யாவரும் அறிந்ததே. துணி நெய்தவன் கையில் இருந்தது. அதை வாங்குவோரின் முகவரி வணிகரிடம் இருந்தது. மஞ்சள் விளைத்தவன் களத்தில் இருந்தது. அதற்கு விலை கூறும் உரிமை மண்டிக்காரரிடம் இருந்தது. நூலும் கடனும் சந்தையும் பிறர் வசம் இருந்தமையால் உழைப்பின் பயனும் பிறர் வசமே சென்றது. 1904ஆம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்களுக்கும், 1912ஆம் ஆண்டுச் சட்டம் ஏனைய சங்கங்களுக்கும் வழிவகுத்தன. 1935ஆம் ஆண்டில் நெசவாளர் சங்கங்களின் தலைமை நிறுவனமாகக் கோ-ஆப்டெக்ஸ் தோன்றிற்று. சந்தைக்குச் செல்லும் வழியை உழைப்பவர் தம் கைக்குள் கொண்டுவருதலே இம்முயற்சிகள் அனைத்தின் உட்பொருளாகும்.

இன்று அச்சந்தையின் ஒரு பகுதி கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. காஞ்சிபுரம் சேலையையோ பவானி ஜமக்காளத்தையோ வாங்க விரும்புவோர் வண்டியேறு முன்னர்க் கைப்பேசியில் தேடிப் பார்க்கின்றனர். ஆதலின் தமக்கென ஓர் இணையதளம் வேண்டுமெனச் சங்கங்கள் பல கருதுவது இயல்பே. இம்முயற்சி வரவேற்கத்தக்கது. ஆயினும் தளம் எத்தனை அழகாக இருக்கவேண்டும் என்று ஆராய்வதற்கு முன் அது யாருக்கு உரியதாக இருக்கவேண்டும் என்று ஆராய்வதே முறையாகும்.

சொந்த வீடும் பிறர் திண்ணையும்

“பெரிய வணிகத் தளங்கள் இருக்கின்றன, சமூக ஊடகங்களில் செலவின்றிப் பக்கம் தொடங்கலாம், நமக்கெனத் தனித்தளம் எதற்கு?” என்று அங்கத்தினர் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. அவ்விடங்களில் சரக்கை விற்கலாகாது என்பது நமது கருத்தன்று; கூட்டம் கூடும் இடத்தில் கடை விரிப்பது வியாபார முறையே. ஆனால் அங்கே தரகுத் தொகையை நிர்ணயிப்பவரும், சரக்கைத் திருப்பியனுப்பும் விதியை வகுப்பவரும், நம் சேலைக்கு அருகில் எந்தச் சேலையைக் காட்டலாம் என்று முடிவு செய்பவரும் பிறரே. கைத்தறிச் சேலை தேடுவோர் கண்முன் அதே ஊர்ப்பெயருடன் விசைத்தறிச் சேலையும் பாதி விலையில் நிற்கக்கூடும். பல வேளைகளில் வாங்கியவரின் முகவரிகூட நம்மிடம் தங்குவதில்லை. அடுத்த பொங்கலுக்கு அவருக்கு ஒரு கடிதம் எழுதவும் வழியில்லை. சமூக ஊடகப் பக்கமோ, பிறர் வீட்டுத் திண்ணை. அமர இடம் கொடுத்தவர் ஒருநாள் எழச் சொன்னால் எழத்தான் வேண்டும்.

சொந்தத் தளம் சிறு குடிசையாயினும் சொந்த வீடு. திண்ணையில் கூடுவோரை அவ்வீட்டிற்கு அழைத்து வருவதே அறிவுடைமை.

பட்டா யார் பெயரில்?

வீட்டிற்குப் பட்டா எப்படியோ அப்படியே தளத்திற்கு அதன் முகவரிப் பெயர். இதனை ‘டொமைன்’ என்பர். இப்பெயரை எவரும் நிரந்தரமாக விலைக்கு வாங்க இயலாது. ஓராண்டு முதல் பத்தாண்டு வரை கட்டணம் செலுத்திப் பதிவு செய்து, தவணை முடியுமுன் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். புதுப்பிக்கத் தவறினால், மீட்டுக்கொள்ளத் தரப்படும் சில நாட்கள் கழிந்தபின் உலகில் எவரும் அப்பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். சங்கம் தன் விலைச்சீட்டுகளிலும் பைகளிலும் பெயர்ப்பலகையிலும் அச்சிட்ட முகவரி, பின்னர் யாரோ ஒருவருடைய கடைக்கு வழிகாட்டும். நம் பெயரை நம்பி வருவோரை ஏமாற்றுபவர் கைக்கும் அது போகக்கூடும்.

தளம் அமைக்கும் ஒப்பந்தக்காரரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வாளாவிருந்தால், அவர் வசதிக்காகத் தம் பெயரிலும், தம் மின்னஞ்சலிலும், தம் கைப்பேசி எண்ணிலும் பதிவு செய்துவிடுவது எளிது. அதில் தீய எண்ணம் இருக்கவேண்டும் என்பதில்லை. ஆயினும் அவர் தொழிலை விட்டாலும், ஊரை விட்டாலும், கட்டணத் தகராறு எழுந்தாலும், ஏடுகளின்படி அப்பெயர் அவருடையதே. சங்கத்து ஊழியர் ஒருவர் தம் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்து, பின்னர் மாறுதலாகிச் சென்றாலும் இதே இடர்தான்.

இதற்கு மாற்று கடினமானதன்று. முதலாவதாக, பதிவு சங்கத்தின் முழுப் பெயரிலும் சங்கத்தின் மின்னஞ்சலிலும் இருத்தல் வேண்டும். இரண்டாவதாக, கடவுச்சொற்கள் காரியதரிசி ஒருவரிடம் மட்டுமின்றி, நிர்வாகக் குழு தீர்மானித்த இரண்டாமவரிடமும் இருத்தல் வேண்டும். முத்திரையிட்ட உறையில் ஒரு படி சங்கப் பெட்டகத்தில் இருப்பது நன்று. மூன்றாவதாக, புதுப்பிக்கும் நாள் தணிக்கை நாளைப்போலக் குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டும். நான்காவதாக, பொறுப்பு மாறும்போது இருப்புச் சரக்கு, ரொக்கம், சாவிகள் ஆகியவற்றுடன் இவற்றையும் ஒப்படைப்புப் பட்டியலில் சேர்த்துக் கையொப்பம் பெற வேண்டும். தளத்திலுள்ள படங்களும் எழுத்துக்களும் சங்கத்தின் உடைமை என்பதும், ஒப்பந்தம் முடிந்தால் அவற்றின் முழுப் படியைத் தரவேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இடம்பெறுதல் அவசியம்.

1995ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரில் சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் ஏற்ற ஏழு கோட்பாடுகளுள் நான்காவது, தன்னாட்சியும் சுதந்திரமும் பற்றியது. வெளியாருடன் செய்துகொள்ளும் எந்த உடன்பாட்டிலும் அங்கத்தினரின் ஆளுகை குறையலாகாது என்பது அதன் கருத்து. தளம் அமைக்கும் ஒப்பந்தத்திற்கும் இக்கோட்பாடு பொருந்தும்.

பெயரின் ஈற்றெழுத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டிற்குரிய ‘.இன்’ என்னும் ஈறு 2005ஆம் ஆண்டு முதல் எல்லோருக்கும் எளிதாகக் கிடைக்கிறது. கூட்டுறவு அமைப்புக்களுக்கு மட்டுமே வழங்கப்படும் ‘.கூப்’ என்பதும் 2002ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. தமிழெழுத்திலேயே ‘.இந்தியா’ என முடியும் முகவரியும் உண்டு. எதைத் தேர்ந்தாலும், தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் கேட்பவர் பிழையின்றி எழுதிக்கொள்ளத்தக்க குறுகிய பெயராக இருக்கட்டும்.

வாங்குவோர் கேட்பது என்ன?

தளத்தின் முதற்பக்கத்தை வரவேற்புரைகளாலும் விழாப் படங்களாலும் நிரப்புவது ஒரு வழக்கமாகிவிட்டது. தலைவர் மாலையணிந்து நிற்கும் படம் சங்க அலுவலகச் சுவரில் இருக்கலாம். சேலை வாங்க வந்தவருக்கு அதனால் பயனில்லை. கடைக்கு வருபவர் கேட்கும் கேள்விகளுக்குத் தளமும் விடை கூறவேண்டும். சேலையின் நீளம் எவ்வளவு? ரவிக்கைத் துணி சேர்ந்ததா? நூல் எத்தனையாம் எண்? சரிகை வெள்ளியா, செம்பா? கரை கோர்வை முறையில் இணைத்து நெய்ததா? சாயம் போகுமா? எப்படித் துவைப்பது? விலை என்ன, அனுப்பும் கூலி எவ்வளவு, எத்தனை நாளில் வரும்? மஞ்சளாயின், விரலியா கிழங்கா, எந்த ஆண்டு விளைச்சல், மூட்டை எத்தனை கிலோ என்பன தெரிய வேண்டும். இவற்றை ஒளிவின்றி எழுதினால் பாதி விற்பனை முடிந்ததெனலாம்.

கைத்தறியின் மெய்ம்மையை நிறுவுவதும் தளத்தின் பணியே. துணியின் முன்புறத்துடன் பின்புறத்தையும், முந்தியையும், கரையோரத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துக் காட்டுக. நெய்யும்போது அகலம் சுருங்காது இழுத்துப் பிடிக்கும் கோலின் ஊசிமுனை பட்ட சிறு துளைகள் கரையோரத்தில் இருப்பின், அவை குறையல்ல, கைவேலையின் அடையாளம் என்று விளக்குக. 2004ஆம் ஆண்டில் வந்த பட்டு முத்திரையோ, 2006ஆம் ஆண்டில் வந்த கைத்தறி முத்திரையோ சங்கத்திற்கு உண்டாயின் அதைக் குறிப்பிடுக. காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம், 2019ஆம் ஆண்டில் சேர்ந்த ஈரோட்டு மஞ்சள் ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. அப்பெயர்களைப் பயன்படுத்தப் பதிவு பெற்றவர்கள் தம் பதிவைத் தளத்தில் காட்டுதல் நலம். பதிவு பெறாதவர்கள் காட்டலாகாது.

செய்திகளை எழுத்தாகவே தரவேண்டும். அச்சிட்ட துண்டறிக்கையைப் படமெடுத்து ஒட்டுவது போதாது. படத்திலுள்ள சொற்களைத் தேடுபொறிகள் எழுத்தைப்போல் எளிதில் கண்டறிவதில்லை. பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் கருவிகளும் அங்கே தடுமாறும். தமிழ் எழுத்துக்கள் யூனிக்கோடு முறையில் இருத்தல் இன்றியமையாதது. படங்கள் பெருஞ்சுமையாக இருப்பின், மெல்லிய இணைப்புள்ள ஊரில் பக்கம் திறக்குமுன் வாங்குபவரின் பொறுமை தீர்ந்துவிடும்.

பணமும் முறையீடும்

பணம் சங்கத்தின் வங்கிக் கணக்கிற்கே வரவேண்டும். ‘அவசரத்திற்கு’ என்று ஊழியரின் சொந்த யூ.பி.ஐ. எண்ணைத் தளத்தில் இடுவது இன்று சிறு வசதியாகத் தோன்றும். நாளை தணிக்கையில் பெருங்கேள்வியாகும். பணம் செலுத்துபவர் கைப்பேசியில் சங்கத்தின் பெயர் தோன்றாவிடில் பணம் அனுப்பவேண்டாம் என்று தளத்திலேயே எச்சரித்தல் மேலும் நன்று.

2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விற்பவரின் சட்டப்படியான பெயர், முகவரி, முறையீட்டு அலுவலர் விவரம் ஆகியவை வெளியிடப்பட வேண்டும். முறையீடு வந்த 48 மணி நேரத்திற்குள் அது கிடைத்ததைத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காணவேண்டும். இதைச் சுமையென எண்ணலாகாது. சாயம் போயிற்று என்று எழுதியவருக்கு மறுநாளே மறுமொழி அனுப்பும் சங்கத்திடம் அவர் மீண்டும் வருவார்.

எவ்வளவு செலவு செய்யலாம்?

இணையதளம் தொடங்கிய மறுவாரமே தேங்கிய சரக்கெல்லாம் தீர்ந்துவிடும் என்று எவரேனும் கூறின் நம்பற்க. தளம் ஒரு கடை வாசல். வாசலில் விளக்கேற்றினால் மட்டும் வியாபாரம் நடவாது. கடிதங்களுக்கு விடையெழுதவும், பொதி கட்டவும், விற்றுத் தீர்ந்ததை அன்றே நீக்கவும் ஓர் ஆள் உண்டா என்று முதலில் காண்க. இல்லையாயின், பெரும் பொருட்செலவில் விற்பனைப் பொறிகளையெல்லாம் பூட்டுவது வீண். சங்கத்தின் வரலாறு, சரக்கு வகைகள், விலை, கடைக்கு வரும் வழி, தொலைபேசி எண் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாகக் கூறும் நான்கைந்து பக்கங்கள் போதும். வரவு கண்டு வளர்க்கலாம். சென்ற தீபாவளித் தள்ளுபடியை இன்னும் அறிவித்துக்கொண்டிருக்கும் பெரிய தளத்தினும், இன்றைய விலையைக் கூறும் சிறிய தளமே மேலானது.

அங்கத்தினர் கடமை

இவை காரியதரிசியின் வேலை என்று அங்கத்தினர் ஒதுங்கியிருத்தல் கூடாது. தளத்தில் விற்கப்படும் பெயர் அவர்களுடைய பெயர். தறிக்குழியில் கால் வைத்து மிதித்தவரும், வெயிலில் மஞ்சள் உலர்த்தியவரும் பல்லாண்டுகள் சேர்த்த நம்பிக்கையே அப்பெயருக்கு மதிப்பைத் தந்தது. ஆகவே அடுத்த பொதுச்சபையில் ஒவ்வோர் அங்கத்தினரும் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும்: நம் சங்கத்தின் இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியுள்ளது? அதன் தவணை எந்நாளில் முடிகிறது? கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கிறது? இம்மூன்றுக்கும் ஏட்டைப் பார்த்து உடனே விடை கூறமுடியுமானால் அச்சங்கத்தின் வீடு பத்திரமாக இருக்கிறது. விடை கிடைக்கவில்லையாயின், புதிய படங்களையும் வண்ணங்களையும் பற்றிய பேச்சை ஒத்திவைத்து, பதிவைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றும் தீர்மானத்தை அன்றே நிறைவேற்றுவார்களாக.