விரால் வறுவலும் வெள்ளை ஒயினும்

போர்டில் 'ஒயின் ஷாப்' என்று எழுதிவிட்டு உள்ளே பிராந்தி விற்ற பெருமை நம்முடையது. 2003-ல் சில்லறை வியாபாரம் டாஸ்மாக் கைக்குப் போனது. போர்டு மாறியது, எங்கள் எலவனாசூர்கோட்டை வாய் மட்டும் மாறவில்லை. 'ஒயின் ஷாப்கிட்ட நில்லுங்க, வந்துடறேன்' என்பவர்களில் ஒயினை நிஜமாகப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

இத்தனைக்கும் இது நமக்குப் பழைய சரக்கு. இங்கிருந்து கிழக்கே பஸ் ஏறினால் புதுச்சேரி, அதை ஒட்டி அரிக்கமேடு. 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஒயின் வந்த ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூறும் சொல்கிறது. அப்போது பாண்டியனுக்கு இறக்குமதி, இப்போது நமக்கு நாசிக். அங்கே சுலா கம்பெனி 2000-லேயே செனின் பிளாங்க் என்கிற வெள்ளை ஒயினை இறக்கிவிட்டது. லேசான இனிப்பு, விலையும் ரொம்ப மிரட்டாது.

பெங்களூரிலிருந்து வந்த என் மச்சினன் பிடிவாதம் பிடித்தான். 'அக்கா மீனுக்கு வெள்ளை ஒயின்தான் மாமா செட் ஆவும்!' கள்ளக்குறிச்சி போய் பில்லோடு ஒன்று வாங்கி வந்தோம். அம்மா பாட்டிலைத் தொடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

'இதைக் குடிச்சா கண்ணு போவாதுல்ல?'

சிரிக்க முடியவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். எமன், அதில் கலந்திருந்த மெத்தனால். நாம் குடிக்கிற எத்தனாலுக்கும் அதற்கும் நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண் நரம்பைப் பிடிக்கும். அம்மாவிடம் சீலையும் பில்லையும் காட்டினேன். 'எழுத்தைக் காட்டாதே, அளவாக் குடிங்க' என்றாள்.

அளவு என்றதும் எனக்குள் இருக்கும் பி.காம். விழித்துக்கொண்டது. 750 மில்லி பாட்டில், 12 சதவீதம் என்றால் ஆல்கஹால் 90 மில்லி. 180 மில்லி குவார்ட்டர் பிராந்தி, 42.8 சதவீதம்: 77 மில்லி. 'ஒயின்தானே' என்று ஒருத்தரே முழு பாட்டிலைக் காலி செய்தால் குவார்ட்டரைத் தாண்டியாச்சு!

சரி, சாப்பாடு. மச்சினன் முதலில் விரால் குழம்போடு குடித்தான். முகம் அஷ்டகோணலாகியது. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், திராட்சையில் இருப்பதும் அதேதான். பங்காளிகள், ஒத்துப்போவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. ஒயினைவிடச் சாப்பாடு புளித்தால் ஒயின் வெறும் தண்ணீர். போதாக்குறைக்கு, ஆல்கஹால் மிளகாய்க் காரத்தைக் கூடுதலாக எரிய வைக்கும். அரைச்ச மசாலா மணக்கும் குழம்புக்கு ஜோடி மோர்தான். யார் வந்தாலும் நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

பிறகு வறுவல் வந்தது. மிளகாய்த்தூள் குறைச்சல், மிளகு கொஞ்சம், மேலே நாலு சொட்டு எலுமிச்சை. எண்ணெய்ப் பிசுக்கை ஒயினின் புளிப்பு துடைத்துவிட, அடுத்த துண்டுக்கு நாக்கு தயார். ஆப்பம், தேங்காய்ப்பாலுக்கும் இதே கணக்குதான். குடிக்கிறவர் என்றால் மறக்காமல் நன்றாகக் குளிர வையுங்கள். நம் ஊர் வெயிலில் வெதுவெதுப்பான வெள்ளை ஒயின் இருமல் மருந்துக்குச் சித்தப்பா.

மிச்சம் பாதி பாட்டில் ஃப்ரிட்ஜில், தோசை மாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மூன்று நாலு நாளில் தீர்க்காவிட்டால் ருசி போய், மெல்ல வினிகர் பக்கம் சாய்ந்துவிடும் என்றேன்.

அம்மா யோசித்தாள். 'அப்ப ஊறுகாய்க்கு ஆவுமா?'