கிளினிக் கொப்பியில் கச்சானுக்கும் ஓர் இடம்

பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்கள்,
திருகோணமலை.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

கச்சான் காற்று எழும்பினால் இங்கே பகல் எப்படியிருக்கும் என்று தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தென்மேல் பருவக்காற்று மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டு, வறண்டு சூடேறி எங்கள் கரையில் வந்து அடிக்கிறது. அந்நாட்களில் எல்லாரும் சொல்லும் புத்திமதி, நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்பது. இதயம் பலவீனமானவருக்கோ வைத்தியர், நாளுக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் வேண்டாம் என்று அளந்து கொடுத்திருப்பார். இரண்டில் எதைக் கேட்பது? இந்த மடல் அதற்காகத்தான்.

வெயிலில் உடம்பைத் தணிக்க, இதயம் தோலுக்குக் கூடுதல் இரத்தம் அனுப்ப வேண்டும். குழாய்கள் விரிய பிரஷர் இறங்கும். அதை ஈடுகட்ட நெஞ்சு வேகமாக அடிக்கும். வியர்வையோடு நீரும் உப்பும் போக, இரத்தம் தடிக்கும். மூத்திரம் போக்கும் குளிசையோ பிரஷர் குளிசையோ எடுப்பவருக்கு இது இரட்டைச் சுமை. கச்சானில் இன்னொரு வஞ்சகமும் உண்டு. துறைமுகப் பக்கம் மூட்டை இறக்கி முடித்தவரின் சட்டை முதுகில் ஈரம் இராது. உப்புத்தான் வெள்ளையாகப் பூத்திருக்கும். எவ்வளவு நீர் போனதென்று அவருக்கே தெரியாது. அன்றிரவு அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், மாரடைப்பு என்று மட்டும் எழுதப்படும். வெயிலின் பெயர் எங்கும் வராது.

குளிரையும் மறக்க வேண்டாம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்துச் செத்தன. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும், இரத்தம் எளிதில் உறையும். தகரக் கொட்டிலில் நனைந்து கிடக்கும் முதியவருக்கும், விடியப்புறம் கிணற்றடியில் தலைக்கு வார்ப்பவருக்கும் இது பொருந்தும். தாய்லாந்து, பிரேசில் உட்பட 13 நாடுகளில் 7 கோடியே 40 இலட்சம் மரணங்களை ஆராய்ந்து 2015இல் லான்செட் இதழ் வெளியிட்ட ஆய்வில், வெப்பத்தைவிடக் குளிரே அதிகம் பேரைக் கொன்றிருந்தது. அதிலும் பெரும்பாலானவை கடுங்குளிர் நாட்களில் அல்ல, மிதமான குளிரில் நேர்ந்தவை.

செய்யக்கூடியதற்கு முன்மாதிரி உண்டு. 2010 மே மாத வெப்ப அலையில் வழமையைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்த அகமதாபாத், 2013இல் வெப்பச் செயற்றிட்டம் வகுத்தது. முன்னெச்சரிக்கையை வைத்தியசாலைகளோடு இணைத்ததே அதன் பலம். தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

நாங்கள் கேட்பது மூன்று.

ஒன்று: மாசி, பங்குனிக் கிளினிக்குகளில் ஒவ்வொரு இதய நோயாளியின் கொப்பியிலும், வெக்கை நாளில் அவர் குடிக்க வேண்டிய தண்ணீரின் அளவு, குளிசையில் மாற்றம் வேண்டுமா, எந்த அறிகுறிக்கு 1990 அம்புலன்ஸை அழைப்பது என்பவற்றை வைத்தியர் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். இல்லாவிட்டால் சனம் தானாகவே குளிசையை நிறுத்தும். அது வெயிலைவிட ஆபத்து.

இரண்டு: வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை விடும் நாட்களில், மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் வரும் இதய நோயாளிகளைக் காலை பத்து மணிக்குள் பார்த்து அனுப்புங்கள்.

மூன்று: ஐப்பசியில், மாரிக்கு முன்னர், குளிருக்கும் இதே ஏற்பாடு.

புதிய கட்டடமோ இயந்திரமோ கேட்கவில்லை. தாங்கள் கையொப்பமிட்ட ஒரு சுற்றறிக்கை அடுத்த மாசிக்கு முன் எல்லாக் கிளினிக்குகளுக்கும் போய்ச் சேர்ந்தால் போதும்.

இப்படிக்கு,
உப்புவெளி வாசி ஒருவர்