டீபக்கருக்குள் நிரல் எழுதலாமா?

நிரல் பிரேக் பாயிண்டில் நிற்கிறது. தவறான வரி கண்ணில் படுகிறது. அங்கேயே திருத்தி எஃப்5 தட்டினால், விட்ட இடத்திலிருந்து ஓட்டம் தொடர்கிறது. 'எடிட் அண்ட் கன்டினியூ' என்று பெயர். நேரம் மிச்சம் என்று நிரலாளர்கள் கொண்டாடும் இந்த வசதி, பல சமயம் பிழையைத் தீர்ப்பதில்லை, கண்ணுக்கு மறைத்துவிடுகிறது!

இது புதிய சரக்கு அல்ல. ஸ்மால்டாக்-80 மொழியில் டீபக்கருக்குள்ளேயே நிரல் எழுதுவது அன்றாட வேலை. மைக்ரோசாஃப்ட் 1998-ல் விஷுவல் சி++ 6.0-ல் இதைக் கொடுத்தது. விஷுவல் பேசிக் 6 ஆட்களோ இதிலேயே ஊறியவர்கள். 2002-ல் வந்த விஷுவல் ஸ்டுடியோ டாட் நெட்டில் அவர்களுக்கு இது இல்லை என்றதும் ஒரே கூச்சல். கடைசியில் 2005 பதிப்பில் விஷுவல் பேசிக், சி ஷார்ப் இரண்டுக்கும் கொடுத்தார்கள். 2021-ல் டாட் நெட் 6-உடன் 'ஹாட் ரீலோட்' வேறு வந்தது.

சரி, இதில் என்ன தப்பு?

ஓடும் நிரல் என்பது வெறும் வரிகள் அல்ல. அந்த வரிகள் அதுவரை நினைவகத்தில் எழுதி வைத்த மதிப்புகளும் சேர்ந்ததுதான். நடுவழியில் திருத்தினால் வரிகள் புதியவை, மதிப்புகள் பழையவை. இந்தக் கலவை அந்த ஒரு மேசையில், அந்த ஒரு முறை மட்டும் ஓடுவது. வாடிக்கையாளரின் கணினியில் ஓடப்போவது இது அல்ல.

ஒரு கடையின் பில் போடும் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி 10 சதவீதம் வர வேண்டும், 0 வருகிறது. மதிப்பை ஏற்றும் கன்ஸ்ட்ரக்டரில் தவறு. நிரலாளர் அதைத் திருத்துகிறார். ஆனால் கன்ஸ்ட்ரக்டர் முன்பே ஓடி முடிந்துவிட்டதே! அதனால் வாட்ச் விண்டோவில் கையாலேயே 10 என்று போட்டுத் தொடர்கிறார். பில் சரியாக வருகிறது. சேமித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். அவர் திருத்திய வரி ஒரு முறைகூட ஓடவில்லை. அதிலும் ஒரு தவறு இருந்தால், அதை முதலில் பார்க்கப்போவது கடைக்காரர்தான்.

மஞ்சள் அம்பை மேலே இழுத்து ஓடிய வரிகளை மறுபடி ஓட்டுவது இன்னொரு வித்தை. அம்பு பின்னால் போகும், மதிப்புகள் போகாது. இருப்பு 10-லிருந்து 9 ஆகியிருந்தால், மறுபடி ஓடியதும் 8. இப்போது இல்லாத ஒரு பிழையைத் தேடி அரை மணி நேரம். மிச்சமான நேரம் எங்கே?

கருவிகளே இந்த எல்லையை ஒத்துக்கொள்கின்றன. 2002-ல் ஜாவா 1.4-உடன் வந்த ஹாட்ஸ்வாப், மெத்தடின் உட்பகுதியை மட்டுமே மாற்ற விட்டது. புதிய ஃபீல்டு சேர்த்தால் மறுத்துவிடும். பாதியில் நிற்கும் மெத்தடும் பழைய நிரலிலேயே முடியும், அடுத்த அழைப்பில்தான் புதியது வரும்.

"பிழை வரும் இடத்தை அடையவே இருபது நிமிடம் ஆகிறது, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஓட்ட முடியுமா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில், அந்த இடத்தை ஒரே நொடியில் தொடும் ஒரு சின்ன சோதனை நிரல். இதைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் கென்ட் பெக், ஸ்மால்டாக்கில் எஸ்யூனிட் எழுதியவர். டீபக்கருக்குள்ளேயே குடியிருந்த கூட்டத்திலிருந்துதான் இந்த மருந்தும் வந்தது! அந்தச் சோதனை அடுத்த மாதமும் ஓடும், அடுத்த ஆள் கையிலும் ஓடும். டீபக்கரில் கையால் போட்ட 10, ஜன்னலை மூடியதும் போய்விடும்.

டீபக்கருக்குள் திருத்திப் பார்க்கட்டும், சந்தேகத்தைச் சரிபார்க்கட்டும். அதுவரை சரி. ஆனால் நிறுத்தி, முதலிலிருந்து ஓட்டிப் பார்க்காமல் "பிழை தீர்ந்தது" என்று ஒரு நிரலாளர் சொன்னால், அவர் எந்த நிரலைப் பற்றிச் சொல்கிறார் என்று கேளுங்கள்.