ஒப்பந்தம் மட்டும் போதாது

பள்ளிப் படிப்போடு நின்றுவிட்டவர்களுக்கும் வேலைக்கேற்ற கல்வி கிடைக்க வேண்டும் என்பதற்காக உருவானவை சமுதாயக் கல்லூரிகள். 1995-ல் புதுவைப் பல்கலைக்கழகம் இதற்கு வழிகாட்டியது. 2009-ல் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நாடெங்கும் தொடங்கிய திட்டம் சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. அதன்பின், 12-வது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பல்கலைக்கழக மானியக் குழு புதிய திட்டத்தைக் கொண்டுவந்தது.

உள்ளூர்த் தொழில் நிறுவனங்களைக் கலந்தே பாடத்திட்டம் வகுக்கப்பட வேண்டும், அந்நிறுவனங்களில் செய்முறைப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும் என்பதே இத்திட்டத்தின் உயிர்நாடி. விண்ணப்பத்துடன் இணைக்கும் வெறும் காகிதமாக ஒப்பந்தம் சுருங்கிவிட்டால், கல்லூரிக்கு நிதி கிடைக்கும். மாணவருக்கு வேலை கிடைக்காது. நாள்கூலியை இழந்து வகுப்புக்கு வருபவருக்கு அது இரட்டை இழப்பு.

தையல், கணினிப் பயிற்சி என எல்லா ஊருக்கும் ஒரே பட்டியலை நீட்டுவதில் பயனில்லை. எந்தப் பயிற்சி தேவை என்பதை உள்ளூர் மருத்துவமனையும் பட்டறையும் ஊராட்சியும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் சேர்ந்து முடிவு செய்யட்டும். எத்தனை பேர் நிறுவனங்களில் பயிற்சி பெற்றனர், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதை ஆண்டுதோறும் வெளியிடும் கல்லூரிகளுக்கே நிதி என்ற நிலை வர வேண்டும். இல்லையேல், சமுதாயம் என்பது இக்கல்லூரிகளின் பெயர்ப்பலகையில் மட்டுமே இருக்கும்.