களிமண் உருண்டை அழுகாது, ஆனால் உப்பு பிடிக்கும்

போன கோடையில் சென்னைப் புறநகரில் ஒரு மொட்டை மாடிக்குப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், சிறுகச் சிறுகச் சேர்த்த 40 ஆர்க்கிட் செடிகளை நிழல்வலைக்குக் கீழே வரிசையாக வைத்திருந்தார். எல்லாமே களிமண் உருண்டையில். பாதிச் செடிகளில் இலைகள் தோல் மாதிரி சுருங்கியிருந்தன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். வேர் நுனிகள் கருகிக் கிடந்தன. மேலே இருந்த உருண்டைகளில் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைப் படிவு.

“அழுகவே அழுகாது, வருஷக்கணக்கா தொடவே வேண்டாம்னு சொல்லித்தான் சார் வித்தாங்க” என்றார்.

விற்றவர் பொய் சொல்லவில்லை. உருண்டை அழுகவில்லைதான். ஆனால் அதில் ஊற்றும் தண்ணீரைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இந்த முறையில் செடி பிழைப்பதும் சாவதும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

முறை எளிது. களிமண்ணைச் சூளையில் உயர் வெப்பத்தில் சுட்டு உப்ப வைத்த உருண்டைகள் இவை. உள்ளே முழுக்க நுண்துளைகள். தொட்டியின் அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் பக்கவாட்டில் துளை போடுகிறோம். அந்தத் துளை வரை தண்ணீர் தேங்கி நிற்கும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல உருண்டைகள் தண்ணீரை மேலே ஏற்றும். இடைவெளிகளில் காற்று இருக்கும். வேருக்கு ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைப்பதால் வளர்ச்சி நன்றாகவே இருக்கிறது. தேங்காய் மட்டைத் துண்டு போல இரண்டு மூன்று ஆண்டில் மக்கிக் கூழாவதும் இல்லை.

ஆனால் மேலே ஏறுகிற தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். அதிலிருந்த உப்பு போகாது. ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு 1,000 பிபிஎம் என்றால், ஒரு லிட்டரில் ஒரு கிராம். ஆறு அங்குலத் தொட்டி வாரம் அரை லிட்டர் குடிக்கிறது என்று வையுங்கள். ஆண்டுக்கு 26 கிராம். செடி எடுத்துக்கொள்வது அதில் கொஞ்சம்தான். மீதி அந்தத் தொட்டிக்குள்ளேயே, வேரைச் சுற்றியே நிற்கும். மண்ணாக இருந்தால் ஓரளவு பிடித்து வைத்துத் தாக்கத்தைக் குறைக்கும். சுட்ட களிமண்ணுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. உப்பு கூடக்கூட, வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. தண்ணீரிலேயே நின்றும் செடி வாடும். வாடுவதைப் பார்த்து நாம் இன்னும் கொஞ்சம் அதே தண்ணீரை ஊற்றுவோம்.

நான் தோட்டக்கலை படித்தவன் இல்லை. உவர் நிலத்தில் நெல் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. மலர்த்துறை நண்பர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த மாடியில் நான் பார்த்தது எனக்குப் பழகிய உவர் வயலேதான், தொட்டி அளவில். உவர் நிலத்துக்கு வைத்தியமும் ஒன்றுதான்: நல்ல தண்ணீரைக் கட்டி, உப்பைக் கரைத்து, வடித்து வெளியேற்ற வேண்டும். இதில் ‘நல்ல தண்ணீர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆசிரியை வாரம் தவறாமல் தொட்டிகளைக் கழுவித்தான் இருக்கிறார். கழுவிய நீர் 1,050 பிபிஎம். அதைக் கொண்டு எத்தனை முறை கழுவினாலும் தொட்டி 1,050-க்குக் கீழே இறங்காது. நாங்கள் அளந்தபோது அடியில் தேங்கிய நீர் 2,900 காட்டியது.

ஆகவே உருண்டை வாங்கும் முன் சில நூறு ரூபாய்க்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்குங்கள். இந்த உருண்டைகளை விற்கிறவர்கள் மூட்டையோடு அந்த மீட்டரையும் சேர்த்தே விற்க வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் நீர் 200 பிபிஎம்முக்குள் இருந்தால் தைரியமாக இறங்கலாம். அதற்கு மேல் என்றால் மழைநீரைத் தேடுங்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழாயில் ஒன்றை ஒரு தொட்டிக்குத் திருப்புவது பெரிய வேலை இல்லை. கூரை கழுவி வரும் முதல் மழையை மட்டும் விட்டுவிடுங்கள். ஆர்.ஓ. நீரும் ஆகும். ஆனால் ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவு நீரை ‘வீணாகிறதே’ என்று ஆர்க்கிட்டுக்கு ஊற்றுகிறவர்கள் பலர். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

மழைநீரில் கால்சியம் இருக்காது. எல்லோரும் கையில் வைத்திருக்கும் 19:19:19 உரத்திலும் இருக்காது. போதாததற்கு அதன் தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா. யூரியாவை மாற்றிக் கொடுக்க நுண்ணுயிர்கள் வேண்டும். சுத்தமான உருண்டையில் அவை குறைவு. எனவே ஒரு வாரம் 19:19:19, மறுவாரம் கால்சியம் நைட்ரேட், எதுவானாலும் லிட்டருக்கு அரை கிராம் போதும். இரண்டையும் ஒரே வாளியில் கரைக்காதீர்கள், திரிந்து படியும். மாதம் ஒருமுறை உரமில்லாத நல்ல நீரை, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு, மேலிருந்து ஊற்றி வடிய விடுங்கள். வடியும் நீர் 800-ஐத் தாண்டினால் மறுவாரமும் செய்யுங்கள்.

புது உருண்டையையும் அப்படியே போடக் கூடாது. செம்மண் தூள் போகும் வரை அலசி, இரண்டு நாள் ஊறவைத்து, ஊறிய நீரை அளந்து பாருங்கள். செடியை மாற்றும் காலமும் முக்கியம். பழைய வேர் புது ஈரத்துக்குப் பழகாது. புது வேர் முளைவிடும் நேரத்தில்தான் மாற்ற வேண்டும். பாசி பிடித்தால் பதற வேண்டாம், வெளிச்சம் படாத தொட்டிக்கு மாற்றினால் போதும். அழகுக்காக வைக்கும் வெளித்தொட்டியில் தேங்கும் நீரை மட்டும் வாரம் ஒருமுறை கொட்டிவிடுங்கள். டெங்குக் கொசுவுக்கு அது போதும்.

வெள்ளைப் படிவு ஏறிய உருண்டையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. லிட்டருக்கு ஐந்து கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து ஓர் இரவு ஊறவைத்தால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். பிறகு நல்ல நீரில் பலமுறை அலசுங்கள். செத்த வேர்களை ஒன்றுவிடாமல் பொறுக்கிவிட்டு, பிளீச்சிங் திரவம் ஒரு பங்கு, நீர் ஒன்பது பங்கு கலந்து ஒரு மணி நேரம் வைத்து, வாடை போகும் வரை நீர் மாற்றி ஊறவைக்கலாம். பிளீச்சிங்கும் அமிலமும் ஒரே பாத்திரத்தில் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கு ஆபத்து.

இத்தனை செய்தாலும் ஓர் இடத்தில் நிறுத்த வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் இலையில் கோடும் திட்டுமாக இருந்த ஒரு டென்ட்ரோபியம் செத்தது. உருண்டைகளைச் சும்மா அலசிவிட்டு வேறு மூன்று செடிகளுக்குப் போட்டேன். விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்ற எண்ணம்தான். அடுத்த ஆண்டு மூன்றிலும் அதே திட்டு. ஆர்க்கிட்டுக்கு வரும் சிம்பிடியம் மொசைக், ஒடன்டோகுளாசம் வளையப்புள்ளி வைரஸ்கள் கத்தரி, தொட்டி, ஊடகம் எதில் ஒட்டிய சாற்றிலிருந்தும் தொற்றும். மருந்து கிடையாது. சந்தேகச் செடியின் உருண்டையைக் குப்பையில் போடுங்கள். அதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நான் மூன்று செடிகளை இழந்தேன்.

வணிகத்துக்கு ஆயிரக்கணக்கில் டென்ட்ரோபியம் வைத்திருப்பவர்களை இந்தப் பக்கம் வரச் சொல்ல மாட்டேன். கரியும் ஓட்டுத் துண்டும் தேங்காய் மட்டையும் அவர்களுக்குப் போதும். மட்டையை நன்றாக ஊறவைத்து உப்பு எடுத்தால் சரி. உருண்டை, தினமும் செடி முன்னால் ஐந்து நிமிடம் நிற்கக்கூடியவர்களுக்கு.

ஆசிரியையிடம் 17 செடிகள் பிழைத்தன. ஐப்பசி மழையில் 500 லிட்டர் பிடித்து, மூடி போட்டு வைத்திருக்கிறார். மாதம் நூறு லிட்டர் வீதம் எத்தனை மாதம் வரும் என்று சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். மீட்டர் அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்குகிறது.