அறிவியல் அறிவோம்: மேகம் மழையாவது எப்படி?



2023 டிசம்பர் 18 காலையுடன் முடிவுற்ற 24 மணி நேரத்தில், தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. ஆண்டு முழுவதும் அங்கு பெய்யும் சராசரி மழையையும் அந்த ஒரு நாள் மழை விஞ்சிவிட்டது. இவ்வளவு நீரும் வானில் எங்கே இருந்தது? துளியாகத் திரண்டது எவ்வாறு?

கதிரவனின் வெப்பத்தால் கடல்நீர் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. ஈரம் மிகுந்த வெப்பக் காற்று மேலெழுகிறது. உயரே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால் அது விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. குளிர்ந்த நிலையில் நீராவி முழுவதும் ஆவியாகவே நீடிக்க இயலாது; நீராக மாறுகிறது. அவ்வாறு மாற அதற்கொரு பிடிமானம் வேண்டும். கடல் உப்பின் துகள்களும், தூசியும், புகையுமே அந்தப் பிடிமானம். அவற்றின் மீது படிந்த நுண்ணிய திவலைகளின் கூட்டத்தையே நாம் மேகம் என்கிறோம்.

மேகம் கூடினாலே மழை வந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். மேகத் திவலையின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் 50-இல் ஒரு பங்குதான். அதனை மேலெழும் காற்று எளிதில் தாங்கி நிற்கும். 2 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரே ஒரு மழைத்துளி உருவாக, இத்தகைய திவலைகள் சுமார் 10 லட்சம் ஒன்றுசேர வேண்டும்!

அவை சேர்வதற்கு இரு வழிகள் உண்டு. வெப்பமான மேகங்களில் பெரிய திவலைகள் சற்று விரைந்து இறங்கும்போது, வழியிலுள்ள சிறியவற்றோடு மோதி அவற்றைத் தம்முள் சேர்த்துக்கொள்கின்றன. மிக உயர்ந்த மேகங்களிலோ பனிப்படிகங்கள் தோன்றி, சுற்றியுள்ள ஆவியை ஈர்த்துப் பருக்கின்றன. குளிர்நாடுகளில் அவை பனியாகவே தரையை அடைகின்றன. நம் சமவெளியில் வழியிலேயே உருகி மழையாகின்றன. வலிய காற்று அவற்றை உயரத்திலேயே நிறுத்தி, உறையும் நீர் அடுக்கடுக்காகப் படிந்தால் ஆலங்கட்டி உண்டாகிறது.

ஆவி நீராகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. அவ்வெப்பம் காற்றை மேலும் உயர்த்த, கீழிருந்து புதிய ஈரக்காற்று உள்ளே பாய்கிறது. காயல்பட்டினத்தில் பெய்த நீர் முழுவதும் ஒரே நேரத்தில் வானில் இருந்ததன்று. குமரிக்கடல் பகுதியில் நிலவிய காற்றுச் சுழற்சியால் கடலின் ஈரம் இடைவிடாது வந்துகொண்டேயிருந்தது.

இனி உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் நீர். 1000 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு செ.மீ. மழை பெய்தால் சுமார் 930 லிட்டர், 95 செ.மீ. என்றால் ஏறத்தாழ 88 ஆயிரம் லிட்டர்! வெள்ளம் சூழ்ந்த ஊரிலேயே குடிநீருக்கு அலையும் அவலத்தை நாம் கண்டிருக்கிறோம். தமிழகத்தில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் பல வீடுகளில் அக்குழாய்கள் சருகும் மண்ணும் அடைத்துக் கிடக்கின்றன.

பத்து லட்சம் திவலைகள் கூடி உருவான துளி சாக்கடையில் கலந்து வீணாகலாமா? வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே ஒருமுறை மாடிக்கு ஏறிப் பாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.